நனைந்த கட்டைக்கு ஒரு கணக்கு

ஐவி ஹட்டனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்தது அறுபதாம் வருஷம். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பார்த்தவர்கள் நாற்பது என்றுதான் நினைத்தார்கள். நடுவில் ஓய்வுப் பாடம் கிடைத்தால் மற்ற டீச்சர்மார் தேத்தண்ணி குடிப்போம், ஊர்க்கதை பேசுவோம். அவள் சுவரோரத்து நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மணி அடித்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குப் போய்விடுவாள். நான் தையல் டீச்சர். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கப் பழக்கினேன்.

அவள் தன் கதையை ஒரு நாளும் உட்கார்ந்து முழுதாகச் சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம், மழை விடட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்கும்போது கொஞ்சம் சொல்வாள். அவள் விட்டதைப் பிறகு அவள் புருஷன் ஞானரட்ணம் சொன்னார். அதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

அவளுடைய அப்பா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியார். தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்து ஜெபம் பண்ணுகிறவர். அந்த நடையிலேயே நெஞ்சு கெட்டு, மகள் படிப்பை முடிக்கிற வருஷம் படுத்துவிட்டார். ஐவி நுவரெலியாவில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினாள். கணக்கில் அவளுக்கு நல்ல பெயர். மேலே படிக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், படிக்க வைக்க யாரும் இல்லை. பெரியசோலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலியாக இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஐந்துக்கும் அவள் ஒருத்திதான். ஒரு மூலையில் அரிச்சுவடி, ஒரு மூலையில் பெருக்கல், நடுவில் யாராவது அழுகிற சத்தம். கொழுந்துக்காலம் வந்தால் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். மழைக்காலத்தில் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்காது; அப்போது எல்லோரையும் எழுத வைத்துவிட்டு அவள் வரிசை வரிசையாக நடப்பாள். சாயங்காலம் தொண்டை கட்டியிருக்கும். அதன் பிறகுதான் தண்ணி எடுக்க, மலையூற்று வந்து விழுகிற பீலிக்கு இறங்க வேண்டும், ஏற வேண்டும்.

அங்கேயே ஞானரட்ணத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் விறகுக் கணக்கப்பிள்ளை. தேயிலை காயவைக்கிற ஸ்டோர் அடுப்புக்கு டர்பன்டைன் மரக்கட்டை வேண்டும். மலை உச்சியில் அந்த மரத்தைத் தறித்து, துண்டுபோட்டு, கீழே றோட்டுக்குக் கொண்டுவருகிற ஆட்களை மேய்க்கிறது அவர் வேலை. அஞ்சாம் வகுப்புப் படிப்பு. அதிகம் பேசமாட்டார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியுமுன் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போனால், இருட்டும்போது மரப்பிசின் வாசனையோடு வருவார். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிவிடுவார். பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் குடும்பம் நடத்தினார்கள். அதற்கு மேலே பேச இருவருக்கும் தெம்பு இருந்ததில்லை என்று ஐவி சொல்லியிருக்கிறாள்.

ஹட்டன் பள்ளிக்கூடத்தின் தலைமை டீச்சரம்மா, ஐவியின் விடுதிக் காலத்துத் தெரிந்தவர். ஒருமுறை மிஷன் கோயில் திருவிழாவில் பார்த்தபோது, மேல்வகுப்புக்குக் கணக்குச் சொல்ல ஆளில்லை, நீ லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை எடுத்துப் பாஸ் பண்ணினால் உன்னையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். அவர் அதைச் சும்மா சொல்லியிருக்கலாம். ஐவி சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பௌதிகம் எடுத்தால் பரிசோதனைச்சாலை வேண்டும். பிரயோக கணிதத்துக்குப் புத்தகமும் பென்சிலும் போதும், அதோடு பௌதிகத்தில் பாதி அதற்குள் வந்துவிடும். பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நுவரெலியாவிலிருந்து வாங்கிவந்தாள். பிள்ளைகள் போன பிறகு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, கரும்பலகையிலேயே கணக்குகளைப் போட்டுப் பார்த்தாள். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பலகையை நனைக்கும். சோக்குக் கட்டி எழுதாமல் வழுக்கும்.

தொடக்க அத்தியாயங்கள் ஓடிவிட்டன. சாய்தளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

கணக்கு இப்படி: சாய்த்து வைத்த சொரசொரப்பான பலகையில் நூறு இறாத்தல் பாரம் கிடக்கிறது. அதை மேலே நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? கீழே சரியாமல் பிடித்து வைக்க எவ்வளவு விசை போதும்? புத்தகத்தின் கடைசியில் இரண்டு விடை போட்டிருந்தது. எழுபத்திரண்டு, இருபத்தெட்டு. ஐவிக்கு இரண்டு கேள்விக்கும் இருபத்தெட்டுத்தான் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். விடை தெரியும், வழி தெரியாது. கேட்பதற்கு அந்த மலையில் யாரும் இல்லை. புத்தகத்தில் அச்சுப் பிழை என்று தன்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் தலவாக்கலையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், முதல்முறை பரீட்சை எழுதினாள். வெக்கையில் விரல் வியர்த்து மை கரைந்தது. சாய்தளக் கேள்வி வந்தது. பெயில். முடிவு வந்த மறுநாள் பீலித் தண்ணியை ஞானரட்ணமே எடுத்துவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சில வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், வேறு வேலையில் மனம் ஓடாமல், விடையிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. பாரம் சரிவில் கீழே இழுக்கிற இழுப்பு ஐம்பது. உராய்வு இருபத்திரண்டு. ஐம்பதோடு இருபத்திரண்டைக் கூட்டினால் ஒரு விடை. கழித்தால் மற்ற விடை. அப்போதுதான் விளங்கியது, அவள் இத்தனை நாளும் உராய்வை ஒரே பக்கமாக, மேல்நோக்கியே வரைந்துகொண்டிருந்தாள். உராய்வுக்கென்று சொந்தமாகப் பக்கம் கிடையாது. பாரம் எந்தப் பக்கம் நகரப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும். கீழே சரியப் பார்த்தால் மேலே பிடிக்கும், மேலே ஏற்றினால் கீழே இழுக்கும்.

சந்தோஷமாக இருந்ததா என்று நான் கேட்டேன். "அம்புட்டு நாள் வீணாப் போச்சேன்னு அழுகைதான் வந்திச்சு" என்றாள்.

அந்த வருஷம் ஆடி மாதம்தான் ஞானரட்ணத்துக்கு அடிபட்டது.

மலை உச்சியிலிருந்து றோட்டுக்குக் கட்டைகளை இறக்க ஒரு சறுக்கு வைத்திருந்தார்கள். பிளந்த பலகைகளைத் தொட்டி மாதிரிப் பதித்து, சரிவின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் போட்டிருந்தது. மேலே நிற்கிறவன் கட்டையைத் தொட்டியில் தள்ளிவிடுவான். அது சறுக்கி வந்து, அடியில் சமதரையில் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். கணக்கப்பிள்ளை அதற்கும் அப்பால் வெட்டிய மரம் ஒன்றின் அடிமரத்துப் பக்கம் நின்று, பாதை காலியானதும் விசில் அடிப்பார். விசில் கேட்டால்தான் மேலேயிருந்து அடுத்த கட்டை.

காய்ந்த நாளில் கட்டைகள் அந்த அடிமரத்துக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். ஸ்டோரில் விறகு தட்டுப்பாடு. வேலையை நிறுத்த முடியவில்லை. நனைந்த கட்டை ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்து அவருடைய இடது முழங்காலில் மோதியது. மேலே நின்று தள்ளியவன் அழகன் என்கிற இளந்தாரி. அவன்தான் ஓடி இறங்கி வந்து, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு லொறிக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது, முழங்கால் மடங்கவில்லை. விறகு வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒரு வாக்குமூலம் எழுதினார்: மழை நேரத்தில் வேலையை நிறுத்தச் சொல்லியும் கேட்காமல், கட்டை வருகிற வழியில் இவர் கவனக்குறைவாக நின்றார் என்று. அப்படி யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தொழிற்சங்கத்து ஆள் வந்து, வழக்கமா நிக்கிற இடத்துலதான் நின்னேன்னு சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஞானரட்ணமும் அப்படியே சொன்னார்.

இப்போது வீட்டில் சம்பாதிக்கிறது ஐவி மட்டும்தான். காலையில் அவரை உட்காரவைத்து, கஞ்சி கொடுத்து, பள்ளிக்கூடம் போய், வந்து, தண்ணி எடுத்து, துணி துவைத்து, அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தாள். கொட்டகையில் இருக்க முடியாது, அவர் தனியாக இருப்பார். அதனால் வீட்டிலேயே கட்டில் பக்கத்தில் பெட்டியைப் போட்டு, அதன்மேல் வைத்துப் படித்தாள். பரீட்சை ஆசையெல்லாம் அப்போது இல்லை என்று சொன்னாள். அந்த வேலையை விட்டால் வேறு வழியும் தெரியவில்லை. படித்துக்கொண்டே தூங்கிப்போவாள், தூங்கிக்கொண்டே விடை தவறு என்று கனவு காண்பாள்.

அதற்கு முன்னால் ஞானரட்ணம் அவளுடைய கணக்கைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவருக்கு அதுவே பேச்சுத்துணையாகிவிட்டது. அது என்ன படம், அந்த அம்புக்குறி என்ன என்று கேட்பார். சாய்ந்த கோட்டின்மேல் ஒரு கட்டம் வரைந்திருப்பதைப் பார்த்து, கட்டையா என்றார். கட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு மாலை அவர் கேட்டார்:

"அந்தக் கட்டை எங்க வந்து நிக்கும்னு ஒங்கணக்குல தெரியுமா?"

அவளுக்கு அவர் எந்தக் கட்டையைக் கேட்கிறார் என்று தெரிந்தது. சரிவின் நீளமும், எவ்வளவு சாய்வு என்பதும், எவ்வளவு வழுக்கும் என்பதும் தெரிந்தால் சொல்லலாம் என்றாள்.

"அப்ப பாரு" என்றார். "அந்தத் தூறல்ல அது அங்க வரைக்கும் வருமா, வராதா. எனக்குத் தெரியணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐவி அந்தச் சரிவுக்குப் போனாள். அழகன் கயிற்றோடு வந்தான். அவனை அவள் கூப்பிடவில்லை. யாரோ சொல்லித் தானாகவே வந்திருந்தான். இருவருமாகக் கயிறு பிடித்துச் சறுக்கின் நீளத்தையும் உயரத்தையும் அளந்தார்கள். அடிமரம் வரைக்கும் சமதரையை அளந்தார்கள். எழுதிக்கொண்டு கிளம்பும்போது அழகன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"டீச்சர், நான் அன்னைக்குத் தள்ளுனது... அதுவும் அந்தக் கணக்குல வருமா?"

எப்படித் தள்ளினாய் என்று கேட்டாள். எப்பவும் மாதிரித்தான், தொட்டியில் வைத்து ஒரு உந்து என்றான். அவ்வளவு நீளச் சரிவில் ஒரு ஆள் கையால் உந்துகிறது கணக்கில் ஒன்றுமே இல்லை, அது எப்படித் தொடங்கினாலும் அடிக்கு வரும்போது வேகம் அதே அளவுதான் இருக்கும் என்று அவள் சொன்னாள். அவன் சரியாக நம்பினானா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினான். பிறகு, விசில் சத்தம் கேட்டுத்தான் தள்ளினேன் டீச்சர் என்றான். அதை அவன் முன்பும் பலரிடம் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியும், அவரும் அப்படித்தான் சொன்னார் என்று சொல்லி அனுப்பினாள்.

எவ்வளவு வழுக்கும் என்பதுதான் மிச்சம். அதற்குப் புத்தகத்திலேயே ஒரு வழி இருந்தது. பலகையில் ஒரு துண்டை வைத்து, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்க வேண்டும். எந்த உயரத்தில் துண்டு நகரத் தொடங்குகிறதோ, அந்த உயரத்தைத் தரையளவால் வகுத்தால் உராய்வுக் குணகம். பழைய பெஞ்சுப் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்தாள். ஞானரட்ணம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். தரையளவு ஐந்தடி வருகிற மாதிரி வைத்து, ஒரு டர்பன்டைன் துண்டை மேலே வைத்துத் தூக்கினாள். இரண்டடி உயரத்தில் நகர்ந்தது. பலகையிலும் துண்டிலும் தண்ணீர் தெளித்துத் தூக்கினாள். ஒன்றரை அடியிலேயே வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. பலமுறை செய்தாள். கொஞ்சம் முன்னே பின்னே வந்ததே தவிர, பெரிதாக மாறவில்லை.

பிறகு கணக்கைப் போட்டாள். நூறடிச் சரிவு, முப்பது பாகைச் சாய்வு. காய்ந்த கட்டை சமதரையில் ஏறக்குறைய நாற்பதடி ஓடி நிற்கும். நனைந்தது எண்பதடி ஓடும். அடிமரம் நிற்கிறது அறுபதடியில். கீழே பலகை கிடையாது, புல்தரை. அதற்கு வேறு கணக்கு வேண்டும். அதையும் பலகை என்றே வைத்துக்கொண்டாள். கட்டை தொட்டியின் ஓரத்தில் இடித்து இடித்து வருவதையும் விட்டுவிட்டாள். அதனால் இது சரியான விடை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் அவர் நின்ற அடிமரம் இருக்கிறது என்பதை அந்தப் பிழைகள் மாற்றிவிடாது.

அவரிடம் அதை அப்படியே சொன்னாள். காய்ந்த கட்டை உங்களிடம் வந்திருக்காது. நனைந்தது வந்துதான் இருக்கும், உங்களைத் தாண்டியும் போயிருக்கும் என்றாள்.

அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்ற மனுஷன்மேல் கட்டை வந்து மோதினால் அதில் அவர் தவறு என்ன? நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"மழைக்கு அது தூரமா வரும்னு எனக்குத் தெரியாதா, ஐவி?" என்றார் அவர். "அம்புட்டு வருஷம் அதையேதானே பார்த்துக்கிட்டு நின்னேன். தூறல் விழுந்தா மரத்தடியை விட்டு மேட்டுப் பக்கம் ஏறி நின்னுக்குவேன். எப்பவும் அப்படித்தான்."

அன்றைக்கு ஏன் ஏறவில்லை என்று அவராகவே சொன்னார்.

"நான் நிக்கவே இல்லை. அடிமரத்துமேல உட்கார்ந்துட்டேன். கால் ரெண்டும் விட்டுப்போச்சு. விசிலை அடிச்சிட்டு, அடுத்த கட்டை வர்றதுக்குள்ள எந்திரிச்சுக்கலாம்னு இருந்தேன். வர்றதைப் பார்த்தேன். எந்திரிக்கணும்னும் தெரிஞ்சிச்சு. எந்திரிக்க முடியலை."

விறகுத் தட்டுப்பாட்டால் அந்த வாரம் முழுக்க ஓய்வு நாள்கூடக் கிடைக்காமல் மலையேறி இறங்கியிருக்கிறார். சங்கத்து ஆளிடமும் சொல்லவில்லை, கண்டாக்கையாவிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவளிடமும் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால்.

"இதை ஒங்கணக்குல எங்க போடுவே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அதுக்கு இதுல எடம் இல்லீங்க" என்றாள் ஐவி.

அவள் எழுந்து பலகையை வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தாள். தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். அன்றைக்குச் சமைக்கவில்லை, மிச்சமிருந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள்.

இதைச் சொன்ன நாளில் ஐவி என்னிடம் ஒன்று சொன்னாள். அந்த வீட்டில் களைத்துப்போனவள் தான் ஒருத்திதான் என்று அவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். சாப்பிட்ட இடத்திலேயே தூங்குகிற மனுஷனைப் பார்த்து, கொடுத்துவைத்தவர், படுத்ததும் தூக்கம் வருகிறதே என்று நினைத்திருக்கிறாள். அவருக்கு அலுப்பு என்று ஒன்று இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

அவர் உட்கார்ந்திருந்த விஷயத்தை அவர்கள் வெளியே சொல்லவில்லை. நஷ்டஈட்டுக் கேஸ் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் பெயருக்கு ஏதோ கொடுத்து முடித்துவிட்டார்கள். கண்டாக்கையா எழுதியது பொய், இவர் சொன்னதும் முழு உண்மை இல்லை. ஐவிக்கு இரண்டும் தெரியும். உபதேசியார் மகளுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும், ஒரு மனுஷன் உட்கார்ந்ததைக் குற்றம் என்று எழுதுகிற கையில் அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனபோது அவரைப் பார்த்துக்கொள்ள அடுத்த லயத்துக் காளியாயி ஒத்துக்கொண்டாள். கொழும்பில் மிஷன் விடுதியில் தங்கினாள். கேள்வித்தாளில் பாதிக்கு மேல் தெரிந்த கணக்குகள். நடுவில் ஒன்று: சொரசொரப்பான சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஒரு பாரம் ஓய்வு நிலையிலிருந்து சறுக்கி வந்து, அதே சொரசொரப்புள்ள சமதரையில் ஓடி நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடும்?

ஐவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த ஆளிடம் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் போடலாம், தெரிவு இருந்தது. ஆனால் மற்றவை எல்லாம் இதைவிட நீளமானவை. அவளுக்குக் கை ஓய்ந்திருந்தது. இதற்கு வழி மனப்பாடம். சில வரிகளில் எழுதி முடித்துவிட்டு, அடியில் கோடு போட்டாள். அதற்குப் பிறகு எழுதிய கணக்குகள் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொன்னாள்.

பாஸ். புள்ளிகள் அதிகமில்லை, வெறும் பாஸ்தான். தலைமை டீச்சரம்மா தன் வாக்கைக் காப்பாற்றினார். பெரியசோலையிலிருந்து ஒரு லொறியின் பின்னால் பெட்டியும் கட்டிலும் ஏற்றி, ஞானரட்ணத்தை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, ஹட்டனுக்கு வந்தார்கள். லொறியில் சாமான் ஏற்ற அழகன் வந்திருந்தான். அவரை அவனே தூக்கி உட்காரவைத்தான்.

ஹட்டனிலும் அவளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேல்வகுப்புக் கணக்கையும் பௌதிகத்தையும் தமிழில் நடத்தச் சொன்னார்கள். புத்தகம் இல்லை. ஆங்கிலத்தில் படித்ததைத் தினமும் காலையில் தமிழாக்கிக்கொண்டு வந்துதான் வகுப்பில் நிற்பாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்: உராய்வு, சாய்தளம், விசை என்று புதுச் சொற்களைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வாள். அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று யாராவது தடுமாறினால், குரல் இன்னும் மெதுவாகும். பாரம் எந்தப் பக்கம் போகப் பார்க்குது, முதல்ல அதைக் கேளு என்பாள். விளங்கவில்லை என்றால் திரும்பவும் முதலிலிருந்து. கடுமையாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் என்று ஒருமுறை சிரித்தாள்.

ஞானரட்ணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை வாசலில் குடை திருத்த உட்கார்ந்தார். ஹட்டன் மழைக்கு அந்த வேலைக்குக் குறைவில்லை. நான் கொடுத்த குடைகளுக்கு அவர் வைத்த தையல், தையல் டீச்சர் நான் பார்த்தும் குறை சொல்ல முடியாதது. பேச்சு முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. தன் கால் கதையைக் கேட்டவர்களிடம், உட்கார்ந்திருந்தேன், கட்டை வந்து அடித்துவிட்டது என்று மறைக்காமலே சொல்வார். ஹட்டனில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு இழுபறியும் இருந்தது. தோட்டத்தில் பிறந்த பலரைப் போல இவர்களுக்கும் பிரஜாவுரிமை இல்லை; அது இல்லாத டீச்சரை நிரந்தரமாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் வெகுநாளைக்கு முன்பே மனுப் போட்டிருந்தார்கள். அதைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக நின்றார்கள். அவர் மடங்காத காலோடு மாடிப்படி ஏறுவார். அவள் பின்னால் ஏறுவாள், விழுந்தால் பிடிக்கலாம் என்று. இன்று போய் நாளை வா என்பதுதான் பதில். அந்த வருஷங்களில் ஐவி, தற்காலிக டீச்சர் என்ற பெயரோடுதான் எங்களோடு வேலை பார்த்தாள். எத்தனையோ குடும்பங்கள் மனுப் போட்டுக் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்த காலம். பிறந்த மண்ணில் இருக்கிறதுக்குத் தாள் கேட்கிறாங்க என்று காளியாயி ஒருமுறை வந்தபோது சொல்லி அழுதாள். ஐவி அழவில்லை. அடுத்த வாரம் எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அறுபத்தைந்தில் அவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. நிரந்தர நியமனமும் அதைத் தொடர்ந்து வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினோம். ஐவி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருவரும் வரவில்லை. மழை வெயில் பார்க்காமல் வருகிறவர்கள். போதகர் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். ஆராதனை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கால் இழுக்கிற சத்தம் கேட்டது. ஞானரட்ணம் கதவைத் திறந்தார். தலை கலைந்து, கண் வீங்கி, அப்போதுதான் எழுந்த முகம்.

காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். உள்ளே பார்த்தேன். ஐவி சுவர்ப்பக்கம் திரும்பி, கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்துச் சாயங்காலம் படுத்தது" என்று மெல்லச் சொன்னார். "நானும் இப்பத்தான் எந்திரிச்சேன். அவளை எழுப்ப வேணாம், டீச்சர். போதகர்கிட்ட நீங்களே ஏதாச்சும் சொல்லிடுங்க."

சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எனக்குப் பின்னால் அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, திரும்பவும் படுக்கப் போனார்.